நான்கு திருமணங்களும் ஒரு வாரிசுரிமையும்: ஹாலந்துச் சிற்றரசி யாகோபாவின் வழக்கு, எளிய விளக்கம்

இடைக்கால ஐரோப்பாவைப் பற்றிப் பேச்சு எழும்போது, ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு கருத்துகள் ஒரே மூச்சில் சொல்லப்படுவதைக் கேட்கலாம். அக்காலத்தில் பெண்ணுக்கு ஆட்சியுரிமையே கிடையாது என்பது ஒன்று. ஆட்சிக்கு வந்த சில பெண்களும் காதலிலும் கல்யாணத்திலும் நாட்டைத் தொலைத்தார்கள் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கருத்துக்குச் சான்றாக அடிக்கடி இழுத்து வரப்படுபவர் பவேரிய வம்சத்து யாகோபா (1401–1436). இன்றைய நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் அடங்கும் ஹாலந்து, ஸீலாந்து, ஹெய்னோ என்னும் மூன்று நாடுகளுக்கு வாரிசாகப் பிறந்து, நான்கு முறை மணம் புரிந்து, முப்பத்திரண்டாம் வயது நிறையும் முன்னரே மூன்றையும் எழுதிக்கொடுத்தவர் அவர். ஆங்கில நூல்களில் ஜாக்குலின் என்று குறிக்கப்படுபவரும் இவரே.

நான்கு திருமணங்கள் என்றதும் கதை சொல்பவர்களுக்கு வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. உண்மையில் அவற்றில் முதல் மூன்றும், அவருடைய வாரிசுரிமையைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள். அந்த ஏற்பாடுகள் ஏன் தேவைப்பட்டன, ஏன் ஒவ்வொன்றாக உடைந்தன என்பதைப் புரிந்துகொண்டால், ஒரு பெண்ணின் ஆட்சியுரிமை அக்காலத்தில் எப்படி இயங்கியது என்பதும் விளங்கிவிடும்.

வாரிசு, பட்டா, அனுபவம்

நம் ஊரில் ஒருவர் இறந்து, அவருடைய நிலம் ஒரே மகளுக்குச் சேர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் வாரிசு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் வாரிசாக இருப்பது ஒன்று, பட்டா அவள் பெயருக்கு மாறுவது வேறொன்று, நிலம் அவள் அனுபவத்தில் இருப்பது மூன்றாவது. சித்தப்பா முந்திக்கொண்டு பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, குத்தகைக்காரர்களையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டுவிட்டால், வாரிசுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான்.

யாகோபாவின் நிலைமையும் ஏறக்குறைய இதுவே. வேறுபாடு என்னவென்றால், அவருடைய வழக்கைத் தீர்க்க ஒரே நீதிமன்றம் இருக்கவில்லை. ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வோர் அதிகாரம் தன் கையில் வைத்திருந்தது. தீர்ப்பு கிடைத்தாலும் அதை நிறைவேற்றும் படையை வழக்காடுபவரே கொண்டுவர வேண்டியிருந்தது.

பட்டாவின் இடத்தில் இருந்தது பேரரசரின் ஒப்புதல். ஹாலந்தும் ஸீலாந்தும் ஹெய்னோவும் புனித ரோமப் பேரரசைச் சேர்ந்த மானியங்கள். மானியம் என்பது, மேலரசர் ஒருவரிடமிருந்து, அவருக்கு விசுவாசமாகவும் போரில் துணையாகவும் இருக்கும் கடப்பாட்டோடு பரம்பரையாக அனுபவிக்கப்படும் நாடு அல்லது நிலம். பழையவர் இறந்ததும் புதியவரை மேலரசர் முறைப்படி ஏற்று, மானியத்தை அவர் பெயரில் வழங்குவார். இந்தச் சடங்குக்கு உரிமையளிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெரும்பாலான காலங்களில் அது வெறும் சம்பிரதாயமாகத்தான் இருந்தது. வாரிசுரிமையில் சச்சரவு எழுந்தால் மட்டும் அது ஆயுதமாக மாறும்.

அனுபவத்தின் இடத்தில் இருந்தவர்கள் நகரங்களும் பிரபுக்களும். சிற்றரசருக்கு அவர்கள் விசுவாசப் பிரமாணம் செய்து கொடுத்தால்தான் வரி வரும், படை வரும், கோட்டைக் கதவு திறக்கும். ஹாலந்தில் டோர்ட்ரெஹ்ட், லெய்டன், ஹார்லெம் போன்ற வணிக நகரங்கள் தமக்கென மதிலும் பணமும் காவற்படையும் வைத்திருந்ததால், அவற்றின் விருப்பத்தைப் புறக்கணித்து யாரும் ஆள முடியாது.

பெண்ணுக்கு உரிமை உண்டா? எந்த நிலத்தில் என்று கேட்க வேண்டும்

இடைக்காலச் சட்டம் பெண்ணுக்கு உரிமை தந்ததா இல்லையா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. விடை நாட்டுக்கு நாடு மாறியது. இதற்கு யாகோபாவின் தந்தை ஆறாம் வில்லியமின் சொத்தே நல்ல எடுத்துக்காட்டு. அவர் இரண்டு வகையான நாடுகளை ஆண்டார். ஜெர்மனியில், டியூக் என்னும் உயர்பிரபுப் பட்டத்தோடு ஆளப்பட்ட பவேரியா-ஸ்ட்ராபிங் நாடு. வடகடலோரத்தில் நாம் பேசிக்கொண்டிருக்கும் மூன்று சிற்றரசுகள். அவர் இறந்தபோது ஸ்ட்ராபிங் அவருடைய தம்பி ஜானுக்குப் போனது. பவேரிய வம்சத்து வழக்கப்படி அது ஆண்வழியில் மட்டுமே இறங்கும் என்பதால் யாகோபா அதைக் கேட்கவே இல்லை. ஒரே தந்தை, ஒரே மகள், இரண்டு விதிகள்.

ஹெய்னோவைப் பொறுத்தவரை மகளின் உரிமை பழக்கப்பட்ட ஒன்று. 13-ஆம் நூற்றாண்டில் ஜோனும், அவருக்குப் பின் அவர் தங்கை மார்கரெட்டும் பல பத்தாண்டுகள் அதை ஆண்டிருக்கிறார்கள். ஹாலந்தின் நிலைமை குழப்பமானது. 1203-இல் ஏழாம் டிர்க் என்னும் சிற்றரசர் இறந்தபோது அவருடைய மகள் ஆடா அவசரமாக லோன் நாட்டு லூயிக்கு மணமுடிக்கப்பட்டு ஆட்சியில் அமர்த்தப்பட்டார். தந்தையின் தம்பி வில்லியம் எதிர்த்துப் போரிட்டு, ஆடாவைச் சிறைப்பிடித்து, இறுதியில் நாட்டைத் தனதாக்கிக்கொண்டார். சித்தப்பாவுக்கும் மகளுக்குமான இந்த வழக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து அப்படியே திரும்ப நிகழப்போகிறது.

ஆனால் இதற்கு எதிர்மாறான முன்னுதாரணமும் உண்டு. 1345-இல் ஃபிரீசியர்களோடு நடந்த போரில் பிள்ளையின்றி மாண்ட சிற்றரசர் நான்காம் வில்லியமின் நாடுகள் அவருடைய சகோதரி மார்கரெட்டுக்குச் சென்றன. பேரரசர் லூயி 1346-இல் அவருக்கு உரிமையளிப்பு செய்தார். அந்த லூயி மார்கரெட்டின் கணவரே என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த மார்கரெட் யாகோபாவின் கொள்ளுப்பாட்டி. பவேரிய வம்சம் ஹாலந்துக்குள் காலடி வைத்ததே அவர் வழியாகத்தான். ஆகவே, பெண்ணுக்கு ஹாலந்தில் உரிமையில்லை என்று யாகோபாவின் சித்தப்பா பின்னாளில் வாதிட்டபோது, தன் குடும்பம் அமர்ந்திருந்த கிளையையே வெட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். வெற்றி பெறும் தரப்பின் வாதத்தில் இத்தகைய ஓட்டைகளை யாரும் அதிகம் கிளறுவதில்லை.

மார்கரெட்டின் காலத்தில் அவருக்கும் அவர் மகனுக்கும் மூண்ட சண்டையிலிருந்து, ஹாலந்து இரண்டு கட்சிகளாகப் பிளந்து கிடந்தது. ஒன்று காட் மீனின் பெயரையும், மற்றொன்று அந்த மீனைப் பிடிக்கும் தூண்டில் கொக்கியின் பெயரையும் சூடிக்கொண்டன. மீன் கட்சியில் வணிக நகரங்கள் மிகுதி, கொக்கிக் கட்சியில் பழைய பிரபுக்கள் மிகுதி என்பது மேலோட்டமான பிரிவு. ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் இது மாறியது. யாகோபாவின் தந்தை கொக்கிக் கட்சியைச் சார்ந்தே ஆண்டவர். அதனால் மகளுக்கு நண்பர்களும் பகைவர்களும் அவர் ஆட்சிக்கு வருமுன்பே தயாராக இருந்தார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால், மகள் என்ற பிறப்புரிமை யாகோபாவுக்கு இருந்தது. ஆனால் பேரரசரின் உரிமையளிப்பும் நகரங்களின் பிரமாணமும் சேராமல் அது முழுமையடையாது.

கணவர் ஏன் தேவைப்பட்டார்?

மனைவியின் நாட்டைக் கணவர் மனைவியின் பெயரால் ஆள்வதை மனைவிவழி ஆட்சி என்பார்கள். திருமணம் நீடிக்கும்வரை கணவர் அந்த நாட்டின் சிற்றரசர் என்று அழைக்கப்படுவார். படையை நடத்துவார், ஒப்பந்தங்களில் முத்திரை இடுவார். மனைவி இறந்தால் நாடு கணவருடையதாகிவிடாது, அவர்களுடைய பிள்ளைக்கே போகும். பிள்ளை இல்லையென்றால் மனைவியின் அடுத்த உறவினருக்குத் திரும்பும். பின்னால் நடப்பதற்கெல்லாம் திறவுகோல் இந்தக் கடைசி விதிதான். யாகோபாவுக்குக் கடைசிவரை குழந்தை இல்லை.

பெண் வாரிசுக்குக் கணவர் கூடுதல் படையையும் பணத்தையும் கூட்டணியையும் கொண்டுவந்தார். அதே நேரத்தில் நாட்டை அடமானம் வைக்கும் அதிகாரத்தையும் அவர் கையில் திருமணம் கொடுத்துவிட்டது. நல்ல கணவர் அமைந்தால் காவல். பலவீனமானவர் அமைந்தால் வீட்டுக்குள்ளிருந்தே சொத்து கரையும்.

1417: இரண்டு மாதங்களில் இரண்டு சாவுகள்

யாகோபாவின் தந்தை இதையெல்லாம் அறிந்தே திட்டமிட்டார். மகளுக்கு ஐந்து வயதாவதற்குள்ளேயே, 1406-இல், பிரான்சின் அரசர் ஆறாம் சார்லசின் மகன் ஜானோடு நிச்சயம் செய்தார். சிறுவன் ஜானை ஹெய்னோவிலேயே வளர்த்தார்கள். வருங்கால ஆட்சியாளருக்கு நாடும் மக்களும் பழக வேண்டுமல்லவா? 1415 ஆகஸ்டில் ஹேக் நகரில் திருமணம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜானின் அண்ணன் இறக்க, ஜான் பிரான்சின் பட்டத்து இளவரசரானார். ஹாலந்தின் சிற்றரசி நாளை பிரான்சின் அரசியாவார் என்ற நிலை. 1416-இல் வில்லியம் பிரபுக்களையும் நகரங்களையும் கூட்டி, தனக்குப் பின் யாகோபாவையே ஏற்போம் என்று பிரமாணமும் வாங்கினார்.

1417 ஏப்ரல் தொடக்கத்தில் இளவரசர் ஜான் கொம்பியேனில் இறந்தார். மே 31 அன்று வில்லியமும் இறந்தார். பதினாறு வயது நிரம்பாத யாகோபாவுக்குத் தந்தை, கணவர், பிரெஞ்சு அரசகுலத்தின் துணை மூன்றும் இரண்டே மாதங்களில் இல்லாமற்போயின. ஹெய்னோ அவரை ஏற்றது. ஹாலந்தில் பல இடங்கள் ஏற்றன; ஆனால் பெரிய துறைமுக நகரமான டோர்ட்ரெஹ்ட் கதவைச் சாத்தியது.

பட்டா சித்தப்பாவின் பெயரில்

சித்தப்பா ஜான் அப்போது லியேஜ் நகரின் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, குருப்பட்டம் முழுமையாகப் பெறாமலே பல ஆண்டுகளாக அந்த நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர். 1408-இல் தமக்கெதிராகக் கிளர்ந்த மக்களை ஒத்தே போருக்குப் பின் ஒடுக்கிய விதத்தால் ‘இரக்கமற்றவர்’ என்ற அடைமொழியும் சேர்ந்திருந்தது. 1418-இல் அவர் ஆயர் பதவியைத் துறந்து மணவாழ்க்கைக்குத் திரும்பினார். மணந்துகொண்டது யாரை என்பதுதான் கவனிக்கத்தக்கது. பேரரசுத் தலைவர் சிகிஸ்மண்டின் தம்பி மகள் எலிசபெத்தை!

சிகிஸ்மண்டுக்கும் சொந்தக் கணக்கு இருந்தது. பர்கண்டி டியூக்குகள் பிரான்சிலிருந்து வடக்கே நகர்ந்து, பேரரசின் எல்லை நாடுகளை ஒவ்வொன்றாகத் தம் குடும்பத்துக்குள் கொண்டுவருவதை அவர் தடுக்க விரும்பினார். யாகோபாவின் தாய் பர்கண்டிக் குடும்பத்துப் பெண். எனவே ஆண் வாரிசு இல்லாத மானியம் பேரரசுக்கே திரும்புகிறது என்று கூறி, அதை 1418 மார்ச்சில் ஜானுக்கு வழங்கினார். கொள்ளுப்பாட்டிக்கு ஒரு பேரரசர் கொடுத்த அதே உரிமையளிப்பை, கொள்ளுப்பேத்திக்கு இன்னொருவர் மறுத்தார். சட்டம் மாறியிருக்கவில்லை. முன்னது கணவர் மனைவிக்குக் கொடுத்தது. பின்னது பெரியப்பா தம் தம்பி மகளின் கணவருக்குக் கொடுத்தது. அவ்வளவே வேறுபாடு.

இரண்டாம் திருமணம்: மாமன் மகனும் அடமானப் பத்திரமும்

இதற்கிடையில் யாகோபாவின் தாயும், தாய்மாமன் பர்கண்டி டியூக் ஜானும் அடுத்த மணமகனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இன்னொரு தாய்மாமனின் மகனான பிரபாண்ட் டியூக் நான்காம் ஜான்தான் அவர். பக்கத்து நாட்டின் படையும் பணமும் கிடைக்கும் என்பது கணக்கு.

நமக்கு மாமன் மகன் முறைமாப்பிள்ளை. கத்தோலிக்கத் திருச்சபைக்கோ அது தடைசெய்யப்பட்ட உறவு. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் நான்கு தலைமுறை நெருக்கத்துக்குள் இரத்த உறவினர் மணம் செய்யக் கூடாது என்று விதித்திருந்தது. இந்தத் தடையிலிருந்து குறிப்பிட்ட ஒரு தம்பதிக்கு மட்டும் போப்பாண்டவர் அளிக்கும் அனுமதிக்கு விதிவிலக்கு என்று பெயர். அரசகுலங்களில் எல்லோரும் எல்லோருக்கும் உறவினர் என்பதால், விதிவிலக்கு இல்லாத திருமணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. அதனாலேயே போப்பாண்டவரின் கையெழுத்து வாரிசுரிமைகளின் மூன்றாவது பூட்டாக ஆகிவிட்டது.

புதிதாகத் தேர்வான போப் ஐந்தாம் மார்ட்டின் முதலில் விதிவிலக்கு அளித்தார். சிகிஸ்மண்டின் வற்புறுத்தலால் அதை உடனே திரும்பப் பெற்றார். அதைப் பொருட்படுத்தாமல் 1418 மார்ச் 10 அன்று ஹேக்கில் திருமணம் நடந்தது. பின்னர் விதிவிலக்கு மறுபடி உறுதிசெய்யப்பட்டது. கொடுத்து, எடுத்து, மீண்டும் கொடுத்த இந்த அனுமதி இருபுறமும் கூருள்ள கத்தியானது. திருமணம் வேண்டுமென்றால் கடைசி உத்தரவைக் காட்டலாம். வேண்டாமென்றால் நடுவில் வந்ததைக் காட்டலாம்.

மணமகனுக்கு அப்போது வயது பதினான்கு. 1425-இல் லூவென் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர் என்ற நற்பெயர் அவருக்குப் பின்னால் வரும். போர்க்களத்தில் அப்படியொன்றும் வரவில்லை. 1418 கோடையில் இருவரும் டோர்ட்ரெஹ்டை முற்றுகையிட்டுத் தோற்றார்கள். 1419 பிப்ரவரியில், யாகோபாவின் இன்னொரு தாய்மாமன் மகனான பர்கண்டி இளவரசர் ஃபிலிப்பின் நடுநிலையில் வவுட்ரிஹெம் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி சித்தப்பா ஜான் ஐந்து ஆண்டுகள் ஆட்சியில் பங்குபெறுவார். தம் உரிமையை விட்டுக்கொடுப்பதற்காக 1,00,000 நோபிள் பொற்காசுகளும் பெறுவார். நடுவராக வந்த இந்த ஃபிலிப் யாகோபாவுக்கு அத்தை மகனும் ஆவார், ஏனெனில் அவர் தாய் வில்லியமின் அக்காள். தாய்வழியிலும் தந்தைவழியிலும் நெருங்கிய உறவு. பிள்ளையில்லாத யாகோபாவுக்கு, சித்தப்பாவுக்கு அடுத்த வாரிசாக நிற்கக்கூடியவரும் இவரே. நடுவர் யாரென்று இனி நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தீராக் கடனில் இருந்த பிரபாண்ட் டியூக் 1420 ஏப்ரலில் மனைவியைக் கேட்காமலே ஹாலந்தையும் ஸீலாந்தையும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அவளுடைய சித்தப்பாவிடம் அடமானம் வைத்தார். மனைவிவழி ஆட்சியின் ஆபத்து இதைவிடத் தெளிவாக வெளிப்பட முடியாது. பத்திரத்தில் முத்திரை கணவருடையது. இழந்தது மனைவியின் நாடு. யாகோபாவின் ஹாலந்துத் தோழியரையும் அவர் அரண்மனையிலிருந்து விலக்கினார். யாகோபா அவரை விட்டுத் தாயிடம் சென்றார், திரும்பவில்லை.

ஆகவே 1420-இல் நிலைமை இதுதான்: பட்டா சித்தப்பாவின் பெயரில், அனுபவம் அடமானத்தின் பேரில் அதே சித்தப்பாவிடம், அடமானத்தை மீட்கும் உரிமை பிரிந்து வாழும் கணவரிடம். வாரிசு என்ற பெயர் மட்டுமே யாகோபாவிடம்.

மூன்றாம் திருமணம்: இரண்டு போப்களின் காலம்

இந்தக் கட்டத்தில்தான் ‘கணவரை விட்டு ஓடியவர்’ என்ற கதை தொடங்குகிறது. அவர் செய்ததைச் சட்டக்கண்ணால் பார்த்தால் வேறு படம் கிடைக்கும். அடமானத்தை உடைக்க வேண்டுமானால் அதில் முத்திரையிட்டவர் தம் கணவரே அல்லர் என்று காட்ட வேண்டும். திருச்சபையில் மணமுறிவு இல்லை. தொடக்கத்திலிருந்தே செல்லாத திருமணம் என்ற தீர்ப்பு மட்டுமே உண்டு. அத்தீர்ப்பு கிடைத்தால், டியூக் ஒருநாளும் ஹாலந்தின் சிற்றரசராக இருந்ததே இல்லை, அடமானமும் செல்லாது என்றாகிவிடும். தடைசெய்யப்பட்ட உறவு என்ற காரணமும் கைவசம் இருந்தது.

1421 மார்ச்சில் யாகோபா இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். அரசர் ஐந்தாம் ஹென்றி அவரை மரியாதையோடு வரவேற்றார்; அவ்வாண்டு டிசம்பரில் பிறந்த இளவரசருக்கு, பின்னாளைய ஆறாம் ஹென்றிக்கு, ஞானத்தாயாகவும் ஆக்கினார். 1422 ஆகஸ்டில் ஹென்றி இறந்தபின், அவருடைய தம்பி குளோஸ்டர் டியூக் ஹம்ஃப்ரியை யாகோபா மணந்தார். பிரபாண்டுத் திருமணம் செல்லாது என்ற உத்தரவை ரோமில் இருந்த மார்ட்டின் தர இழுத்தடித்ததால், ஸ்பெயினின் பெனிஸ்கோலாக் கோட்டையில் அமர்ந்து நானே உண்மையான போப் என்று சொல்லிக்கொண்டிருந்த பதின்மூன்றாம் பெனடிக்டிடம் அதைப் பெற்றிருந்தார்.

இது எவ்வளவு பலவீனமான அடித்தளம் என்பதை உணர ஒரு சிறு பின்னணி போதும். 1378 முதல் ஐரோப்பாவில் ஒரே நேரத்தில் இரண்டு, சில காலம் மூன்று போப்கள் இருந்தார்கள். கான்ஸ்டன்ஸ் சங்கம் 1417-இல் பெனடிக்டைப் பதவிநீக்கி மார்ட்டினைத் தேர்ந்தெடுத்து அந்தப் பிளவை முடித்துவைத்தது. ஏறக்குறைய எல்லோரும் கைவிட்ட ஒருவரிடமிருந்து வாங்கிய உத்தரவு, ஏற்கெனவே யாகோபாவின் பக்கம் இருந்தவர்களுக்கு மட்டுமே செல்லுபடியாகும். அது ரோமை அசைக்கவில்லை, பர்கண்டியைச் சீண்டியது.

இங்கிலாந்து அப்போது பிரான்சோடு நடத்திய போரில் பர்கண்டியின் துணையையே நம்பியிருந்தது. 1419-இல் தந்தை கொலையுண்டபின் டியூக்கான ஃபிலிப், தாம் அடுத்த வாரிசாக நிற்கும் நாடுகளில் ஓர் ஆங்கிலேயர் நுழைவதைப் பொறுப்பாரா? ஹம்ஃப்ரியின் அண்ணனும் பிரான்சில் இங்கிலாந்தின் பிரதிநிதியுமான பெட்ஃபோர்டு டியூக் 1423-இல் ஃபிலிப்பின் தங்கையை மணந்திருந்தார். யாகோபாவைக் காப்பாற்றுவதா, போரை வெல்வதா என்ற தேர்வு இங்கிலாந்தின் முன் வந்தபோது, விடை முன்கூட்டியே தெரிந்ததுதான்.

1424 இறுதியில் ஹம்ஃப்ரி படையோடு ஹெய்னோவுக்கு வந்தார். மோன்ஸ் நகரம் அவரை ஏற்றது. அடுத்த மார்ச்சில் பிரேன்-லெ-கோம்த் நகரம் எதிரிகளிடம் வீழ்ந்தது. ஃபிலிப்பும் ஹம்ஃப்ரியும் ஒருவரையொருவர் தனிச்சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். சண்டை நடக்கவே இல்லை. ஆயத்தம் செய்ய வேண்டும் என்று ஊர் திரும்பிய ஹம்ஃப்ரி மறுபடி வரவில்லை. யாகோபாவின் தோழியாக இருந்த எலினோர் கோபம் என்னும் பெண்ணும் அவரோடு சென்றார்.

1425–1428: எதிரி மாறுகிறார்

1425 ஜனவரியில் சித்தப்பா ஜான் இறந்தார். நஞ்சு தடவிய பிரார்த்தனை நூலால் கொல்லப்பட்டார் என்று அக்காலத்தில் நம்பினார்கள். வான் ஃப்ளீட் என்ற பிரபு அதற்காகத் தண்டிக்கப்பட்டார். சித்தப்பா போனதால் யாகோபாவுக்கு விடிந்திருக்க வேண்டும். ஆனால் சித்தப்பா முந்தைய ஆண்டே ஃபிலிப்பைத் தம் வாரிசாக அறிவித்திருந்தார். ரோமின் தீர்ப்பு வராத நிலையில் யாகோபாவின் கணவராகவே நின்ற பிரபாண்ட் டியூக்கும் 1425 ஜூலையில் ஹாலந்து, ஸீலாந்தின் நிர்வாகத்தை ஃபிலிப்பிடமே ஒப்படைத்தார். சித்தப்பாவின் உரிமை ஒரு கையிலும் கணவரின் உரிமை மறு கையிலுமாக ஃபிலிப் வந்து நின்றார். நல்லவர் ஃபிலிப் என்று வரலாறு அவருக்குப் பட்டம் சூட்டியிருக்கிறது. கெட்டிக்காரர் என்பது இன்னும் பொருந்தும்.

அதற்குச் சற்றுமுன், ஜூனில், மோன்ஸ் நகரத்தார் யாகோபாவை ஒப்படைத்தார்கள். ரோமின் தீர்ப்பு வரும்வரை அவரைக் கெண்ட் நகரில் காவலில் வைத்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் ஆண் உடையணிந்து அங்கிருந்து தப்பிய அவர், கொக்கிக் கட்சியின் பிடியில் இருந்த ஹௌடா நகரை அடைந்து போரைத் தொடங்கினார். 1425 அக்டோபரிலும் 1426 ஏப்ரலிலும் ஆல்ஃபென் அருகே ஃபிலிப்பின் ஆதரவாளர்களை அவருடைய படைகள் இரண்டு முறை தோற்கடித்தன. ஆனால் 1426 ஜனவரியில் ஸீலாந்தின் பிரவுவர்ஸ்ஹாவனில் ஹம்ஃப்ரி அனுப்பிய ஆங்கிலப் படையை ஃபிலிப் முறியடித்திருந்தார். கடல்வழி உதவி நின்றபின் ஹௌடா, ஸ்ஹோன்ஹோவன், ஔடேவாட்டர் ஆகிய சில நகரங்களை வைத்துக்கொண்டு பர்கண்டியின் பணத்தோடு போட்டியிடுவது எவ்வளவு நாள் முடியும்?

1427 ஏப்ரலில் பிரபாண்ட் டியூக் இறந்தார். 1428 ஜனவரியில், எல்லாம் முடிந்தபின், போப் மார்ட்டினின் தீர்ப்பு வந்தது: பிரபாண்டுத் திருமணம் செல்லும், எனவே ஹம்ஃப்ரியோடு நடந்தது திருமணமே இல்லை. விந்தை என்னவென்றால், பிரபாண்ட் டியூக் இறந்துவிட்டதால் ஹம்ஃப்ரி நினைத்திருந்தால் அன்றே யாகோபாவை முறைப்படி மறுபடி மணந்திருக்கலாம். அவர் எலினோர் கோபமை மணந்தார். லண்டனின் ஸ்டாக்ஸ் சந்தையைச் சேர்ந்த பெண்கள் சிலர் நாடாளுமன்றத்துக்கே வந்து, மனைவியைக் கைவிட்டதற்காக அவரைக் கண்டித்துக் கடிதம் கொடுத்தார்கள் என்று அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அவர்களுக்குப் புரிந்த அளவு பல வரலாற்றுக் கதைகளுக்குப் புரியவில்லை.

டெல்ஃப்ட் உடன்படிக்கையின் ஒரு நிபந்தனை

1428 ஜூலை 3 அன்று டெல்ஃப்டில் யாகோபாவும் ஃபிலிப்பும் சமாதானம் செய்துகொண்டார்கள். சிற்றரசி என்ற பட்டம் யாகோபாவுக்கே. ஃபிலிப் ஆட்சிப் பொறுப்பாளர், அதாவது பட்டத்துக்குரியவர் பெயரால் நிர்வாகம் நடத்துபவர்; பிள்ளையில்லாமல் யாகோபா இறந்தால் வாரிசும் அவரே. ஒன்பது பேர் கொண்ட ஆட்சிக்குழுவில் ஆறு பேரை ஃபிலிப்பும் மூன்று பேரை யாகோபாவும் நியமிப்பார்கள்.

இவற்றோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. ஃபிலிப், தாய், மூன்று நாடுகளின் பிரதிநிதிகள் ஆகியோரின் சம்மதமின்றி யாகோபா மறுமணம் செய்யக் கூடாது. மீறினால் குடிமக்கள் அவருக்குச் செய்த பிரமாணத்திலிருந்து விடுபட்டு ஃபிலிப்புக்கே கீழ்ப்படிவார்கள். கோட்டைகளையும் வருவாயையும் ஏற்கெனவே பெற்றுவிட்ட ஃபிலிப் ஏன் இதற்கு இவ்வளவு அக்கறை காட்டினார் என்பது இப்போது எளிதில் விளங்கும். யாகோபாவுக்கு வயது இருபத்தேழுகூட நிரம்பவில்லை. புதிய கணவர் என்றால் புதிய மனைவிவழி ஆட்சியாளர். ஒரு குழந்தை பிறந்தால் ஃபிலிப்பின் வாரிசுரிமை அன்றே தீர்ந்தது. அந்த ஒரு வரிதான் உடன்படிக்கையின் உயிர்நாடி.

நான்காம் திருமணம்

1430-இல் ஃபிலிப் ஹாலந்து, ஸீலாந்தின் நிர்வாகத்தை ஸீலாந்துப் பிரபுக்களான போர்சலெ குடும்பத்தாரிடம் ஒப்படைத்தார். அவர்களில் ஒருவரான ஃபிராங்குக்கும் யாகோபாவுக்கும் நெருக்கம் வளர்ந்தது. 1432-இல் இருவரும் இரகசியமாக மணந்துகொண்டார்கள், ஃபிலிப் ஃபிராங்கைச் சிறையிலடைத்து மரண தண்டனை விதிக்க இருந்தார், காதலன் உயிரைக் காக்க யாகோபா நாட்டைத் துறந்தார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. ஃபிராங்க் கைதானது உண்மை. இரகசியத் திருமணம் நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் டெல்ஃப்ட் நிபந்தனையை அறிந்தவருக்கு, இக்கதையின் காதல் பகுதி இல்லாமலே நடந்தது புரியும். திருமணம் நடந்தது என்ற பேச்சு கிளம்பியதே ஃபிலிப்புக்குப் போதுமான பிடி.

1433 ஏப்ரலில் யாகோபா மூன்று நாடுகளையும் முறைப்படி ஃபிலிப்புக்கு எழுதிக்கொடுத்தார். ஒஸ்ட்ரவான் சிற்றரசி என்ற பட்டமும், சில ஊர்களின் வருவாயும் அவருக்கு விடப்பட்டன. அடுத்த ஆண்டு, 1434 மார்ச்சில், ஃபிராங்கை ஊரறிய மணந்தார். இம்முறை பேரரசர் குறுக்கிடவில்லை, போப்பாண்டவரிடம் வழக்கு இல்லை, ஃபிலிப்பும் தடுக்கவில்லை. இந்தத் திருமணத்தின் வழியாக யாருக்கும் கிடைக்க நாடு எதுவும் மிச்சமிருக்கவில்லை. 1436 அக்டோபரில் டெய்லிங்கன் கோட்டையில் யாகோபா பிள்ளையின்றி இறந்தார். ஃபிராங்க் 1470 வரை வாழ்ந்தார். அவரைச் சிறையிலடைத்த அதே ஃபிலிப், 1445-இல் தம் உயரிய விருதான பொற்கம்பளி வீரர் பட்டத்தை அவருக்கு அளித்தார்.